ஜீப்புக்கு ரயர் மாற்றப் போகிறீர்களா?

மாரி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது கமக்காரர் அமைப்பொன்றின் நிருவாகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இடம்பெயர்ந்து பல ஊர்களில் அலைந்து, பின் திரும்பி வந்து காணி துப்புரவாக்கிய குடும்பங்கள் சேர்ந்து அமைத்த அமைப்பு அது. அவர்களிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. பகலில் மரக்கறியும் விதைநெல்லும் ஏற்றும். இரவில் பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடும். அதன் நான்கு ரயர்களும் தேய்ந்துவிட்டன.

மேசையில் மூன்று விலைக்கூறல்கள் இருந்தன. இளைஞர் ஒருவர், "பெரிய கட்டை வைத்த சேற்று ரயர் போடுவோம். மாரியில் புதையாது" என்றார். பொருளாளராக இருந்த அம்மா, "பாவித்த ரயர் அரை விலைக்கும் குறைவு. காசு எங்கே இருக்கு?" என்றார். சாரதி அண்ணை, "எதையாவது போடுங்கோ. குலுக்கல் குறைந்தால் காணும். போன கிழமை ஏற்றிப்போன பிள்ளைத்தாய்ச்சி வழி முழுக்க அழுதது" என்றார்.

மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: இந்த ஜீப் எந்த றோட்டில் ஓடுகிறது? அதற்கு விடை தெரிந்தால்தான் ரயரைத் தெரிவு செய்யலாம்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய வாகனங்களை வைத்தே காலம் தள்ளியோர் பலர். ஆகவே இந்தக் கேள்வி உங்கள் ஊருக்கும் வரக்கூடும்.

எந்த வகை?

ஜீப், பிக்கப் ரயர்கள் பொதுவாக மூன்று வகை.

முதலாவது, தார் றோட்டு ரயர். 'எச்.ரி.' என்று குறிப்பிடுவார்கள். வரிகள் நெருக்கமானவை. சத்தம் குறைவு, ஓட்டம் மெதுமை, மழையில் தார் றோட்டைப் பற்றிப் பிடிக்கும். சேற்றில் மட்டும் வரிகள் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, சேற்று ரயர். 'எம்.ரி.' என்பது இதுதான். கட்டைகள் பெரியவை, இடைவெளி அகலமானது. சேற்றை உதறிவிட்டு ஏறும். ஆனால் தார் றோட்டில் இரையும், அதிரும், விரைவில் தேயும், எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். நனைந்த தார் றோட்டில் றோட்டைத் தொடும் இறப்பர் குறைவாகையால் பிறேக் பிடிக்கும்போது அதிக தூரம் இழுக்கும்.

மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவான ரயர், 'ஏ.ரி.'. கிறவல் றோட்டிலும் ஓரளவு சேற்றிலும் தார் றோட்டிலும் ஓடும். இவற்றிலும் நெருக்கமான வரியுள்ளவை மெதுவாகவும், முரட்டுக் கட்டையுள்ளவை சேற்று ரயரைப் போலவும் நடந்துகொள்ளும்.

அன்று கூட்டத்திலேயே கணக்குப் பார்த்தோம். பட்டணத்துக்கு 22 கிலோமீற்றர். அதில் 17 தார், 4 கிறவல், 1 வயல் பாதை. அந்த ஒரு கிலோமீற்றருக்காக மற்ற 21 கிலோமீற்றரையும் சேற்று ரயரில் ஓடுவது சரியா? இளைஞரே சிரித்துவிட்டார். உங்கள் ஊரில் கணக்கு வேறாக இருக்கலாம். முக்கால்வாசி ஓட்டம் குளக்கட்டிலும் வயலிலும் என்றால் விடையும் மாறும்.

பக்கத்தில் எழுதியிருப்பது என்ன?

ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்துக்கள் அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரம். 265/70 ஆர் 16 என்ற அளவை எடுப்போம். 265 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எழுபது, ஏறக்குறைய 185 மில்லிமீற்றர். 'ஆர்' ரேடியல் வகையைக் குறிக்கும். 16 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில்.

அதையடுத்து 112 எஸ் என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிக்கும். 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோவும், 112 என்றால் 1120 கிலோவும் தாங்கும். இதில் வாகனத்தின் சொந்தப் பாரமும் அடங்கும். வாகனத்துக்குக் குறிக்கப்பட்ட சுமை எண்ணிலும் குறைந்த ரயரை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். எழுத்து உச்ச வேகத்தைக் குறிக்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர். எமது அதிவேக நெடுஞ்சாலையிலேயே எல்லை 100தான். ஆகவே வேகத்துக்கென்று அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வாகனத்துக்குக் குறித்த எழுத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

வயதைப் பாருங்கள்

'டி.ஓ.ரி.' என்ற எழுத்துக்களுடன் தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்யப்பட்டது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதைத் தொடவும் வேண்டாம். இந்த இலக்கங்கள் சிலவேளை ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஆகவே பூட்டுமுன் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். வெயிலும் வெப்பமும் அதை இறுகச் செய்து வெடிப்புக் காணச் செய்யும். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடமானால் தேயாவிட்டாலும் கழற்ற வேண்டும் என்பது பெரிய உற்பத்தியாளர் பலரின் அறிவுரை. மேலதிக ரயருக்கும் இது பொருந்தும்.

பாவித்த ரயரில் உள்ள ஆபத்து இதுதான். வரிகள் ஆழமாக இருக்கும், வயதோ ஒன்பது இருக்கும். பொருளாளர் அம்மா விசாரித்துவைத்த ரயர்களை மறுநாள் போய்ப் பார்த்தோம். நான்கில் மூன்று எட்டு வருடத்துக்கு மேற்பட்டவை. ஒன்றின் உட்பக்கத்தில் பெரிய ஒட்டு. மொட்டை ரயரில் கத்தியால் புதிதாக வரி வெட்டி விற்பவர்களும் உண்டு. அப்படி வெட்டிய ரயரில் கம்பிக்கு மேலே இருப்பது மெல்லிய தோல் மட்டுமே. லொறி, பஸ் ரயர்களுக்குப் புதிய தோல் போடுவது முறையான தொழில். ஆனால் ஆட்களை ஏற்றும் ஜீப்பின் முன் சில்லுக்கு அதைப் போடாமல் விடுவதே நல்லது.

மலிவையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, புது ரயர் 60,000 ரூபா, 50,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். கிலோமீற்றருக்கு 1 ரூபா 20 சதம். பாவித்தது 24,000 ரூபா, 12,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 2 ரூபா. கையில் உள்ள காசுக்கு மலிவு, ஓடும் தூரத்துக்கு விலை கூட.

சொகுசு எங்கிருந்து வருகிறது?

சாரதி அண்ணையின் கேள்விக்கு வருவோம். குலுக்கலை முதலில் தாங்குவது வில்லுத்தகடு அல்ல, ரயரின் பக்கச் சுவரும் உள்ளிருக்கும் காற்றும்தான். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் குழியின் அடி மெதுவாகவே மேலே வரும். 265/65 ஆர் 17, 265/70 ஆர் 16 ஆகிய இரு ரயர்களும் மொத்த உயரத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இரண்டாவதின் சுவர் 13 மில்லிமீற்றர் உயரம் கூடியது. அழகுக்காகப் பெரிய றிம்மும் மெல்லிய ரயரும் போடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். றிம்மை மாற்ற நினைத்தால், பிறேக்கில் முட்டாதா என்று திறமையான மெக்கானிக்கிடம் கேட்டபின் செய்யுங்கள்.

'எல்.ரி.' என்று குறிக்கப்பட்ட ரயர்கள் பாரம் ஏற்றும் வாகனத்துக்கானவை. அவற்றின் சுவர் தடித்து இறுகியிருக்கும். தினமும் நெல்மூட்டை ஏற்றும் பிக்கப்புக்கு அது வேண்டும். பெரும்பாலும் ஆட்களையும் இலகுவான மரக்கறியையும் ஏற்றும் ஜீப்புக்கு அது வீண் குலுக்கல்.

காற்றும் பராமரிப்பும்

எவ்வளவு காற்று என்பது சாரதியின் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். யப்பான் வாகனங்களில் அது கிலோபஸ்கால் கணக்கில் இருக்கும். 200 என்றால் ஏறக்குறைய 29 இறாத்தல். காலையில், ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடியபின் சூட்டில் அமுக்கம் கூடிக்காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்காதீர்கள். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து ஓடுவதும் தவறு. சுவர் மடிந்து மடிந்து சூடேறி, வெயில் நேரத்தில் வெடிப்பது அதனால்தான். வயல் பாதையில் புதையாமலிருக்கச் சற்றுக் குறைத்தால், தார் றோட்டில் ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும்.

தேய்மானமும் பேசும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சில்லு நேரில்லை. வரிப்பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் உண்டு. இறப்பர் அவற்றின் மட்டத்துக்கு வந்தால் மீந்திருப்பது 1.6 மில்லிமீற்றரே. மாரியில் அதுவரை காத்திராமல் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது உயிருக்குப் பாதுகாப்பு. தண்ணீரை வழிவிடப் பள்ளம் இல்லாவிட்டால் ரயர் தண்ணீரின் மேல் வழுக்கும்.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் நான்கு ரயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்ப்பெட்டி அடிவாங்கும். ஆகவே 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறையேனும் முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள்.

கழற்றிய ரயரை வளவில் எறியாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். எரித்தால் நச்சுப் புகை. மண் நிரப்பிப் பயன்படுத்துங்கள், அல்லது சேகரிப்போரிடம் கொடுங்கள்.

அந்த அமைப்பு கடைசியில் என்ன செய்தது? நெருக்கமான வரியுள்ள பொதுவகை ரயர் நான்கு, பழைய அளவிலேயே, அந்த ஆண்டில் செய்யப்பட்டவையாகப் பார்த்து வாங்கியது. காசு போதவில்லை. ஜீப்புக்குப் பெயின்ற் அடிக்க ஒதுக்கிய பணத்தை எடுத்தார்கள். ஜீப் இன்னும் நிறம் மங்கித்தான் ஓடுகிறது. மாரி முடிந்தபின் சாரதி அண்ணையைக் கண்டேன். "இப்ப ஏற்றிப்போற ஆக்கள் வழியில் நித்திரை கொள்ளுகினம்" என்றார்.