உய்த்துணர்தலில் இடைச்சொற்களின் பங்கு

சிறு உரைப்பகுதியைப் படித்து முடிவு காணும் பயிற்சியில், உரையிலிருந்து உறுதியாகப் பெறப்படும் கருத்தையும் வெறும் ஊகத்தையும் மாணவர் ஒன்றாகக் கொள்வதுண்டு. இவற்றைப் பிரித்தறிய இடைச்சொற்கள் துணைசெய்வதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பிய மரபியல் சுட்டும் 32 உத்திகளுள் உய்த்துக்கொண்டுணர்தலும் ஒன்று. இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருளும் ஏகாரத்திற்கு ஐந்து பொருளும் கூறுகிறது. இப்பொருட்பன்மை, முடிவு காண்பதில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்குப் பின்வரும் பகுதி சான்றாகும்:

'நூலகத்திற்கு மாறனும் வந்தான். அவன் நாளிதழே படித்தான்.'

1. பிறரும் வந்தனர்: 'மாறனும்' என்பதிலுள்ள உம்மை எச்சப்பொருளில் வரினும் சிறப்புப்பொருளில் வரினும் இது பெறப்படும். எனவே இது உறுதியான முடிவு.

2. அவன் வேறெதையும் படிக்கவில்லை: ஏகாரம் பிரிநிலையாயின் இது பொருந்தும். தேற்றமாயின், நாளிதழ் படித்தது உறுதி என்பதே பொருள். பிறவற்றைப் படித்தானா என்பது தெரியாது. எனவே முடிவுக்கு மேலும் சூழல் தேவை.

3. அவனுக்கு நூல்களில் நாட்டமில்லை: இதற்கு எச்சொல்லும் ஆதாரமன்று; இது ஊகமே.

ஆக, எல்லாப் பொருள்கோளிலும் நிலைபெறுவதே முடிவு எனலாம். இரண்டாம் கூற்றை ஒரே சரியான விடையாக வைக்கும் வினாத்தாள், ஏகாரத்தைத் தேற்றமாகப் பொருள்கொண்ட மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும். அவர் வாசிப்பில் பிழையில்லை. விடையுடன் அதற்கு ஆதாரமான சொல்லையும், அச்சொல்லின் பொருளையும் எழுதச் செய்வது இக்குறையைக் களையும்.