முன்பணமும் மானமும்

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் சந்நிதியில் உறவினர் வீட்டு விவாகம். முகூர்த்தம் முடிந்ததும் தமக்கையின் பிள்ளைகள் இருவரும், "மாமா, ஏதாவது பழைய கோட்டை காட்டுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்கள். மாமல்லபுரத்தையும் தாண்டித் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றேன்.

கடற்கரையில் டச்சுக்காரர் கோட்டை செங்கல் மதில்களுடன் நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். சித்திரம் போல் செதுக்கிய கற்கள். அந்தக் கற்களில் ஒரு நெசவாளியின் பெயரும் இல்லை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்தார் கடல் கடந்து இங்கே வந்தது அந்த நெசவாளியைத் தேடித்தான்! இந்த வட்டாரத்து மெல்லிய மஸ்லின் துணிக்கு அவ்வளவு கிராக்கி.

வியாபாரம் நடந்த விதம் கவனிக்கத் தக்கது. வியாபாரி முன்பணம் கொடுப்பான். நெசவாளி அதைக் கொண்டு நூல் வாங்குவான். துணி முடியும் வரையில் குடும்பமும் அதில்தான் சாப்பிட வேண்டும்.

"அப்படியானால் அவன் கடன்காரன்தானே, மாமா?" என்றான் மூத்தவன்.

கடன்காரன்தான், ஆனால் அடிமை அல்ல. விலை கட்டாவிட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவனுக்கு நெய்யலாம். தொல்லை அதிகமானால் ஊரை விட்டே போய்விடலாம். டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று துணி கேட்டு வந்தவர் பலர் இருந்ததால், "முடியாது" என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. அவனுடைய மானம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

1763-ல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். சுற்றுப்புறத்தில் துணி வாங்குகிறவனே ஆளுகிறவனும் ஆனான். கம்பெனியின் முன்பணம் வாங்கியவன் பிறருக்கு நெய்யக்கூடாது என்று ஆயிற்று. தறி வாசலில் சேவகர்கள் நின்றார்கள். நெசவாளிக்கு மூன்று வழிகள்தான் எஞ்சின: சொன்ன விலைக்குப் பணிவது, ஓடிப்போவது, தன் கையால் நெய்த துணியையே திருட்டுத்தனமாக விற்பது. யோக்கியனைத் திருடனாக்கி வைப்பதை விடப் பெரிய அநியாயம் உண்டா?

பிறகு இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்தது. 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி, மறு வருஷம் சதுரங்கப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மஸ்லினுக்காகக் கப்பல்கள் காத்திருந்த துறை ஓய்ந்தது. இன்று பக்கத்துக் கல்பாக்கத்தின் அணுமின் நிலையத்தைத்தான் உலகம் அறியும்.

கோட்டை வாசலில் நின்றபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இந்தக் கல்யாணத்துக்காக ஒரு கைத்தறிக் கடையில் வேட்டி பார்த்து, அரைமணி நேரம் பேரம் பேசினேன். தாமே நெய்து விற்கும் பெரியவர் அவர். கடைசியில், "இந்த விலைக்குக் கட்டாது, ஐயா" என்று துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வேறு கடையில் மலிவான மில் வேட்டி வாங்கிக்கொண்டு போனேன். இருநூறு வருஷங்களுக்கு முன் இந்தக் கரையில் பறிபோன அந்தச் சொல்லைத்தான் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார் என்பது அப்போது புரியவில்லை.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நல்லவேளையாக வேட்டி இன்னும் விற்றுப் போகவில்லை. அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன்.