பச்சை மரக்கறியின் நிறமும் சுவையும்

பறித்த பட்டாணியின் இனிமை நெடுநேரம் நில்லாது. அதிலுள்ள சர்க்கரை மாப்பொருளாக மாறத் தொடங்குகிறது; வெப்பம் அம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஆதலால் அன்றே உரித்து அன்றே சமைத்தல் நன்று.

சமைக்கும்போது பசுமை மங்குவது ஏன்? காயிலுள்ள அமிலங்கள் வெப்பத்தால் வெளிப்பட்டு, பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை அகற்றிவிடுகின்றன. அப்பச்சோடா இட்டால் நிறம் நிலைக்கும். ஆயினும் உயிர்ச்சத்து சி அழியும், காயும் குழைந்துபோகும். கண்ணுக்கு விருந்து, உடலுக்கோ இழப்பு.

கொதிநீரில் இட்டு, மூடாது, சில நிமிடங்கள் மட்டும் வேகவைப்பதே தக்க வழி. அமிலத்தின் ஒரு பகுதி ஆவியோடு அகன்றுவிடும். வடித்த நீரைச் சொதியிற் சேர்த்தால், அதிற் கரைந்த சத்தும் வீணாகாது.

போஞ்சிக்கும் பயற்றங்காய்க்கும் கீரைக்கும் இவ்விதி பொருந்தும். யாழ்ப்பாணத்தில் கீரையை அடுப்பினின்று இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி விடுகின்றனர். பசுமையைக் காக்கும் அறிவு அவ்வழக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.