காற்பந்து மேலாளர்களின் விசுவாசமும் பணி முன்னேற்றமும்

தொழில்முறைக் காற்பந்தாட்டத்தில் மேலாளரின் விசுவாசம் என்பது, வேறிடத்திலிருந்து உயர்ந்த வாய்ப்பு வந்த போதும் ஒரு மேலாளர் தாம் பணிபுரியும் கழகத்திலேயே நீடிப்பதைக் குறிக்கும். இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பேசப்படுவது பணி முன்னேற்ற நாட்டம் ஆகும். கூடுதல் ஊதியம், பெரிய கோப்பைகள், வலுவான வீரர்கள் ஆகியவற்றை நாடி மேலாளர்கள் கழகம் மாறுவது வழமையானது. எனினும் ஊரோடும் குடும்பத்தோடும் பிணைந்த ஒன்றாகவே ரசிகர்கள் தம் கழகத்தைக் கருதுவதால், இத்தகைய மாற்றம் பல வேளைகளில் துரோகமாகப் பார்க்கப்படுகிறது.

மேலாளரின் பணி

பிரித்தானிய மரபில் மேலாளர் என்பவர் பயிற்சி அளிப்பவர் மட்டுமல்லர். வீரர்களை வாங்குதல், விற்றல், இளையோர் அணியை வளர்த்தல் போன்ற பொறுப்புகளும் நெடுங்காலமாக அவரிடமே இருந்தன. ஐரோப்பாவின் பிற நாடுகளில் பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநர், விளையாட்டு இயக்குநர் என இப்பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் கழகங்களும் இம்முறைக்கு மாறியுள்ளன. ஒரு கழகம் முழுவதையும் ஒருவரே கட்டியெழுப்பிய முறையில் அவர் விலகும்போது ஏற்படும் வெற்றிடம் பெரியது. எனவே விசுவாசம் பற்றிய எதிர்பார்ப்பும் அங்கு மிகுதியாக இருந்தது.

ஒப்பந்தமும் இழப்பீடும்

மேலாளர்கள் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தின் அடிப்படையில் நியமிக்கப்படுகின்றனர். ஒப்பந்தக் காலத்திற்குள் வேறு கழகம் ஒன்று அவரைப் பெற விரும்பினால், பொதுவாக முதலில் தற்போதைய கழகத்தின் இசைவைப் பெற்று, இழப்பீட்டுத் தொகையையும் செலுத்த வேண்டும். சில ஒப்பந்தங்களில் இத்தொகை முன்கூட்டியே குறிப்பிடப்படுவதுண்டு. 2022 செப்டம்பரில் கிரகாம் பாட்டர் பிரைட்டன் கழகத்திலிருந்து செல்சீ கழகத்துக்குச் சென்றபோது, அவருக்கும் அவரது உதவியாளர்களுக்குமாக 2 கோடி பவுண்டுகளுக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. பாட்டர் 2023 ஏப்ரலில் செல்சீயால் நீக்கப்பட்டார். பிரைட்டனோ புதிய பயிற்றுநர் ராபர்ட்டோ டி செர்பியின் கீழ் அப்பருவத்தில் ஆறாம் இடம் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. விலகல் ஒன்றினால் கழகம் இழக்க, மேலாளர் உயர்வார் என்ற பொதுவான எண்ணம் எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

நீண்ட காலம் நிலைத்தவர்கள்

விசுவாசத்துக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு பிரான்சின் கீ ரூ ஆவார். பர்கண்டிப் பகுதியிலுள்ள சிறு நகரமான ஓசேரின் கழகத்தில் 1961 இல் பொறுப்பேற்ற இவர், சில குறுகிய இடைவெளிகள் நீங்கலாக 2005 வரை அங்கேயே பணியாற்றினார். கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிவந்த அக்கழகம் 1980 இல் பிரான்சின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1996 இல் ஒரே பருவத்தில் பிரான்சின் லீக் பட்டத்தையும் பிரெஞ்சுக் கோப்பையையும் வென்றது. எரிக் கன்டோனா போன்ற வீரர்கள் இக்கழகத்தில் உருவானவர்கள். ஓய்வுக்குப் பின் 2007 இல் லான்ஸ் கழகத்தில் பொறுப்பேற்ற ரூ, நான்கு லீக் ஆட்டங்களுக்குப் பின் பதவி விலகினார்.

மான்செஸ்டர் யுனைட்டட் கழகத்தில் 1986 முதல் 2013 வரை இருந்த அலெக்ஸ் பெர்குசனும் விசுவாசத்தின் அடையாளமாகக் கூறப்படுகிறார். ஆனால் அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் கழகத்தை விட்டு வந்தவர் என்பது பெரும்பாலும் நினைவுகூரப்படுவதில்லை. 1983 இல் ரியல் மாட்ரிட் அணியை 2-1 எனத் தோற்கடித்து, அபர்டீனுக்கு ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். வேறு பெரிய கழகங்களின் அழைப்புகளை மறுத்த பின், 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டடின் அழைப்பை ஏற்றார். அங்கு அவர் வென்ற முதல் கோப்பை 1990 ஆம் ஆண்டின் எஃப்.ஏ. கோப்பை ஆகும். அதுவரையான மூன்றரை ஆண்டுகள் அவரை நீக்காமல் காத்தது கழக நிருவாகமே. ஆகவே பெர்குசனின் நெடிய பணிக்காலத்தில் மேலாளரின் விசுவாசத்துக்கு இணையாகக் கழகத்தின் பொறுமைக்கும் பங்குண்டு.

பிரையன் கிளஃபும் பீட்டர் டெய்லரும்

இருவிதமான போக்குகளும் ஒருவரிடமே அமையலாம் என்பதற்கு இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் எடுத்துக்காட்டாவார். இவர் தம் துணைவர் பீட்டர் டெய்லருடன் இணைந்து, இரண்டாம் பிரிவில் இருந்த டார்பி கவுண்டி அணியை 1972 இல் இங்கிலாந்தின் வாகையர் ஆக்கினார். கழகத் தலைவருடன் ஏற்பட்ட பிணக்கினால் இருவரும் 1973 அக்டோபரில் பதவி விலகினர். இவர்களைத் திரும்ப நியமிக்கக் கோரி ரசிகர்கள் போராடினர்.

பின்னர் மூன்றாம் பிரிவில் இருந்த பிரைட்டன் கழகத்தில் இருவரும் சேர்ந்தனர். 1974 இல் வாகையர்களான லீட்ஸ் யுனைட்டட் அழைத்தபோது கிளஃப் மட்டும் சென்றார். டெய்லர் பிரைட்டனிலேயே தங்கினார். லீட்ஸில் கிளஃப் 44 நாட்களே நீடித்தார். 1975 சனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்தில் பொறுப்பேற்ற அவருடன் 1976 இல் டெய்லர் மீண்டும் இணைந்தார். அவ்வணி 1978 இல் இங்கிலாந்தின் லீக் பட்டத்தையும், 1979, 1980 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை கழகம் மாறிய கிளஃப், ஃபாரஸ்ட்டில் 1993 வரை, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய பருவம் வரை, 18 ஆண்டுகள் இருந்தார்.

எனினும் அவர்களது நட்பு நிலைக்கவில்லை. 1982 இல் ஃபாரஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்ற டெய்லர், அதே ஆண்டில் டார்பியின் மேலாளரானார். 1983 இல் கிளஃபிடம் தெரிவிக்காமலேயே ஃபாரஸ்ட்டின் ஜான் ராபர்ட்சனை டார்பிக்கு ஒப்பந்தம் செய்தார். அதன் பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1990 இல் டெய்லர் காலமானார். கழகத்துக்கான விசுவாசமும் உடன் உழைத்தவருக்கான விசுவாசமும் வெவ்வேறானவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

விலகும் நேரம்

விலகல் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பது பெரும்பாலும் அது நிகழும் நேரத்தைப் பொறுத்தது. ஜோசே மொரீனியோ 2004 மே மாதம் போர்ட்டோ அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்த பின், அடுத்த மாதம் செல்சீயில் இணைந்தார். 2010 இல் இன்டர் மிலான் அணியுடன் அதே கோப்பையை வென்ற பின் ரியல் மாட்ரிட் சென்றார். இரு முறையும் பருவம் முடிந்திருந்தது.

பிரெண்டன் ராஜர்ஸ் நிலை வேறு. ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகம் அவரது காலத்தில் தொடர்ந்து ஏழு உள்நாட்டுக் கோப்பைகளை வென்றிருந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில், பருவத்தின் நடுவே, அவர் லெஸ்டர் சிட்டிக்குச் சென்றார். பருவம் முடியக் காத்திராதது செல்டிக் ரசிகர்களிடையே கடும் கோபத்தை ஏற்படுத்தியது. லெஸ்டர் 2021 இல் அவரது தலைமையில் முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2023 இல் அவர் செல்டிக்குக்கே திரும்பி, 2025 அக்டோபரில் பதவி விலகினார்.

நாட்டு அணிகளிலும் இச்சிக்கல் எழுவதுண்டு. எசுப்பானிய அணியின் பயிற்றுநர் ஹூலன் லொபெடேகி 2018 மே மாதம் தம் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார். உலகக்கோப்பை தொடங்க இரண்டு நாட்களே இருந்த நிலையில், சூன் 12 அன்று அவர் அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிட்டில் பொறுப்பேற்பார் என அக்கழகம் அறிவித்தது. மறுநாளே எசுப்பானியக் காற்பந்துக் கூட்டமைப்பு அவரை நீக்கியது. பெர்னாண்டோ இயேரோவின் பொறுப்பில் ஆடிய அவ்வணி 16 அணிகள் சுற்றில் உருசியாவிடம் தோற்றது. லொபெடேகி அதே ஆண்டு அக்டோபரில், பார்சிலோனாவிடம் 5-1 எனத் தோற்றதற்கு மறுநாள் ரியல் மாட்ரிட்டிலிருந்தும் நீக்கப்பட்டார்.

இதற்கு மாறாக, ஷாபி அலோன்சோ 2024 மார்ச் மாதம், பெரிய கழகங்களுடன் தம் பெயர் இணைத்துப் பேசப்பட்ட வேளையில், பேயர் லெவர்குசனிலேயே தொடரப்போவதாக அறிவித்தார். அப்பருவத்தில் அவ்வணி ஒரு தோல்வியுமின்றித் தன் முதல் செருமானிய லீக் பட்டத்தை வென்றது. மேலும் ஒரு பருவம் பணியாற்றிய பின், 2025 இல் அவர் ரியல் மாட்ரிட் சென்றார்.

கழகங்களின் விசுவாசம்

விசுவாசம் மேலாளரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவது நியாயமன்று என்ற வாதமும் உண்டு. லெஸ்டர் சிட்டிக்கு 2016 இல் எவரும் எதிர்பாராத பிரீமியர் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்த கிளாடியோ ரனியேரி, ஒன்பது மாதங்களில் நீக்கப்பட்டார். ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்று தந்த விசென்டே டெல் போஸ்கேயின் ஒப்பந்தம், 2003 இல் எசுப்பானிய லீக்கை வென்ற உடனேயே புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது. சில ஆட்டங்களில் தோற்றாலே நீக்கப்படக்கூடிய பணியில் இருப்பவர், தம் மதிப்பு உயர்ந்திருக்கும் போதே அடுத்த வாய்ப்பை ஏற்பது இயல்பு என மேலாளர்கள் தரப்பில் கூறப்படுகிறது.

ரசிகர்களின் தரப்பு வேறு. மேலாளரும் வீரரும் உரிமையாளரும் மாறலாம். ரசிகர் கழகம் மாறுவதில்லை. தாம் மாற இயலாத ஒன்றிலிருந்து பிறர் எளிதாக விலகுவதே அவர்களைப் புண்படுத்துகிறது. மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடும்போது, விலகல் என்பதைக் காட்டிலும் பருவத்தின் நடுவே விலகுவதும், உறுதியளித்த பின் விலகுவதும், மறைவாகப் பேசி முடித்து விலகுவதுமே நீண்ட கசப்பை விட்டுச் செல்கின்றன எனலாம்.