கல் தேயும்போதும் அளவு நிற்க வேண்டும்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் ஒரு நூற்பாலை தொடங்கினார்கள். பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்ற விக்கிரமசிங்கபுரம் ஆலை அதுதான். அந்த மில்லோ வேறெந்த ஸ்பின்னிங் மில்லோ, உருளைகளைச் சீர்செய்ய ஒரு தனி இடம் இருக்கும். பஞ்சை இழுத்துக் கொடுக்கும் மேல் உருளைகளின் ரப்பர் உறைக்கு மில்காரர்கள் வழக்கில் 'காட்ஸ்' என்று பெயர். ஓடி ஓடி அதில் வரி விழுந்ததும் கழற்றி, சுழலும் கல்லில் கொடுத்து, மேல்தோலை மெல்லிசாக எடுத்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். 30 மி.மீ. விட்டமுள்ள முன் உருளை கொஞ்சம் வட்டம் பிசகியிருந்தாலும் நூலில் ஏறத்தாழ 9.4 செ.மீ.க்கு ஒரு தடிப்பு, ஒரு மெலிவு என்று வந்துகொண்டே இருக்கும். அந்த உருளையின் சுற்றளவு அவ்வளவுதான். நூலைச் சோதிப்பவர் அந்த இடைவெளியை வைத்தே எந்த உருளை கெட்டது என்று சொல்லிவிடுவார்.

உருளைச் சாணையின் அடிப்படை மொத்தமும் இந்தக் காட்ஸ் அறையிலேயே இருக்கிறது. ஜாப் சுழல்கிறது, கல் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்கிறது, இரண்டும் தொடும் இடத்தில் தோல் உரிகிறது. ரப்பருக்குப் பதில் கடினப்படுத்திய எஃகை வைத்து, மைக்ரானில் அளவு கேட்டால் அது சிலிண்டிரிகல் கிரைண்டிங். அதை சி.என்.சி. கட்டுப்பாட்டில் செய்யும் வேலையைக் கற்க விரும்பும் ஐ.டி.ஐ. மாணவருக்காக இந்தக் கட்டுரை.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் சுற்றும் காற்றாலைகளின் கியர் பெட்டிக்குள் இருக்கும் தண்டுகளும், 1944-இல் ஓடத் தொடங்கிய பாபநாசம் மின்நிலையத்தைப் போன்ற இடங்களின் டர்பைன் தண்டுகளும், மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் இன்ஜின்களின் பம்புத் தண்டுகளும் பேரிங் உட்காரும் இடத்தில் துல்லியமாக இருந்தாக வேண்டும். அந்தத் தண்டுகளைக் கடையும், சாணையிடும் வேலை பெரும்பாலும் கோவை, ஓசூர், சென்னை பக்கம் நடக்கிறது. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் டர்னரோ மெஷினிஸ்டோ படித்துவிட்டு வண்டி ஏறும் பையன்கள் முதலில் உட்காரும் மெஷின்களில் ஒன்று கிரைண்டராக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் 'மெஷினிஸ்ட் (கிரைண்டர்)' என்று இரண்டு வருடப் பிரிவே தனியாக உண்டு. ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது. ஆகவே பலர் இந்த வேலையை அப்ரண்டிஸாகச் சேர்ந்த இடத்தில்தான் கற்கிறார்கள்.

முதலில் எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டும். 40 மி.மீ. தண்டு, பேரிங் உட்காரும் இடம், டிராயிங்கில் 'கே 6' என்று போட்டிருக்கிறது. அதன் பொருள், விட்டம் 40.002-க்குக் குறையவும் கூடாது, 40.018-க்கு மேல் போகவும் கூடாது. இடையில் இருப்பது 16 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனமே 100 மைக்ரான் அளவுக்கு வரும். லேத்தில் இந்த அளவைப் பிடிக்கவே முடியாது என்றில்லை. ஆனால் தண்டைச் சூட்டில் போட்டு, 60 ஹெச்.ஆர்.சி. அளவுக்குக் கடினமாக்கிய பிறகு, நாள் முழுக்க அடுத்தடுத்த ஜாபில் பிடிப்பதற்குக் கல்தான் கைகொடுக்கும்.

புதிதாக வருபவர்கள் சி.என்.சி. என்றதும் ஜி கோடுகளை மனப்பாடம் செய்ய ஓடுகிறார்கள். அது நாலைந்து வாரத்தில் வந்துவிடும். கிரைண்டரில் புரோகிராம் லேத்தைவிடச் சிறியது. வேகமாகக் கிட்டே வா, காற்றில் உரசும் தூரத்தைக் கட, ரஃப் எடு, ஃபினிஷ் எடு, நின்று தீப்பொறி அடங்கும்வரை ஸ்பார்க் அவுட் ஆக விடு, பின்வாங்கு. இவ்வளவுதான். எக்ஸ் அச்சு பெரும்பாலும் விட்டக் கணக்கில் இருக்கும் என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல் 5 மைக்ரான் முன்னேறினால் விட்டத்தில் 10 மைக்ரான் குறையும். இதைக் குழப்பிக்கொண்டு ஆஃப்செட் போட்டவர் ஸ்கிராப் பெட்டியை நிரப்புவார்.

உண்மையான பாடம் கல்லில் இருக்கிறது. லேத்தின் இன்செர்ட் தேய்ந்தால் கழற்றிப் புதிது போடலாம், அதன் மூக்கு எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியும். கல் ஒவ்வொரு ஜாபிலும் தேய்கிறது, தேயத்தான் வேண்டும். வீலின் லேபிளில் 'ஏ 60 கே 5 வி' என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு மணிகள். 60 என்பது மணியின் அளவு, எண் கூடினால் மணி சிறிசு. 5 என்பது மணிகளுக்கு இடையிலான நெருக்கம். வி என்றால் களிமண் வகைப் பிணைப்பைச் சூளையில் சுட்டுச் செய்தது. நடுவிலிருக்கும் கே-தான் முக்கியம். அது கல்லின் கடினம். ஆனால் மணியின் கடினம் அல்ல, மணியைப் பிணைப்பு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதன் அளவு. எழுத்து வரிசையில் பின்னால் போகப் போகப் பிடி இறுகும்.

கேட்பவருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும் விதி ஒன்று இங்கே வருகிறது. கடினமான எஃகுக்கு மென்மையான கல், மென்மையான எஃகுக்குக் கடினமான கல். கடின எஃகில் மணியின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய மணியைப் பிணைப்பு விடாமல் பிடித்திருந்தால் அது வெட்டாது, தேய்த்துச் சூட்டை மட்டும் கிளப்பும். மென்பிணைப்பு அந்த மணியை உதிர்த்துவிடும், அடியிலிருக்கும் கூர்மணி வெளியே வரும். மென் எஃகில் மணி அவ்வளவு சீக்கிரம் மழுங்காது என்பதால் இறுக்கிப் பிடித்தாலும் தொல்லையில்லை. இந்த வீல்கள் எங்கிருந்தோ வருபவை அல்ல. 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் திருவொற்றியூரில் சாணைக்கல் செய்கிறது. வைர மணிக் கல்லுக்கு ஓசூரில் வெண்ட் நிறுவனம் இருக்கிறது.

வீல் மாட்டும்போது அவசரமே கூடாது. மரப்பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் பொத்தென்று சத்தம் வரும். இருபக்கமும் அட்டை வட்டு வைத்து, ஃபிளாஞ்சை ஒரே சீராக இறுக்கி, பேலன்ஸ் பார்த்து, கதவை மூடி, வீலுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று நேரம் வெறுமனே ஓட விட வேண்டும். 400 மி.மீ. கல் வினாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,575 சுற்று. அதே கல் 350-க்குத் தேய்ந்த பிறகும் அதே சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் 29 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும், கல் மெத்தென்று நடந்துகொள்ளும். நல்ல சி.என்.சி. மெஷின் விட்டம் குறையக் குறையச் சுற்றைக் கூட்டிக்கொள்கிறது. பழைய மெஷினில் ஆபரேட்டர்தான் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

மழுங்கிய கல்லை வைர முனையால் சீவுவது டிரெஸ்ஸிங். ஒரு பாஸுக்கு 10 முதல் 25 மைக்ரான் ஆழம் போதும். ஆழத்தைவிட வைரம் நகரும் வேகம் பேசுகிறது. மெதுவாகப் போனால் கல்லின் முகம் வழுவழுப்பாகி ஜாபும் பளபளக்கும், ஆனால் சூடும் கூடும். வேகமாகப் போனால் கல் கரடாகி நன்றாக வெட்டும், ஜாபில் சொரசொரப்பு தெரியும். சீவியெடுத்த ஆழத்தை மெஷினே கணக்கில் எடுத்துக்கொண்டு கல்லை முன்னே தள்ளும். அதனால்தான் டிரெஸ்ஸிங்குக்குப் பிறகும் அளவு நிற்கிறது. நின்றிருக்க வேண்டும் என்று சொல்வதே சரி. வைரமே தேய்வதால் டிரெஸ்ஸிங் முடிந்து வரும் முதல் ஜாபை எப்போதும் அளந்து பார்ப்பார்கள்.

இனி சூடு. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. அளவு என்பது 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு என்று 1931-லேயே உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 11.5 மைக்ரான் விரியும். 40 மி.மீ. விட்டத்துக்கு அது அரை மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. சித்திரை வெயிலில் ஷெட் 38 டிகிரியில் இருக்கிறது, அதனால் எல்லாம் கெட்டது என்று பயப்பட வேண்டாம். ஜாபும் எஃகு, அளவை ஒப்பிடும் மாஸ்டரும் எஃகு என்றால் இரண்டும் ஒன்றாகவே விரியும். தொல்லை வெப்பநிலை வித்தியாசத்தில் வருகிறது. மெஷினிலிருந்து அப்போதே எடுத்த ஜாப் மாஸ்டரைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 40.006 என்று மகிழ்ந்து பெட்டியில் போட்டது ஆறியபின் 39.999 ஆகியிருக்கும், பேரிங் தளர்ந்துபோகும். நெல்லைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இதை வகுப்பெடுத்தா சொல்வார்? 'ஏல, மைக்ரோமீட்டரைக் கையிலயே வச்சிருக்காத, சூடேறிரும்' என்பதோடு முடித்துவிடுவார்.

கூலன்ட் இருப்பதும் பெரிதும் இதற்காகத்தான். எண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். கடின நீராக வரும் போர் தண்ணீரில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். வெயில் நாளில் தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, எண்ணெய் தங்கிவிடும். ஆகவே கலவை கெட்டியாகிக்கொண்டே போகும், ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும். நாசில் கல்லும் ஜாபும் தொடும் இடத்தை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் எங்கோ கொட்டினால் ஷெட் நனைவதே மிச்சம். சூடு அளவு மீறினால் 'பர்ன்' விழும், மேலே பழுப்போ நீலமோ படியும். ஸ்பார்க் அவுட்டில் அந்த நிறம் போய்விடுவதும் உண்டு. உள்ளே எஃகு மிருதுவாகிப்போனது அப்படியே இருக்கும். நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து தோய்த்துப் பார்த்தால்தான் அது வெளியே தெரியும்.

வட்டம் வருவதற்குக் காரணம் சென்டர். லேத்தில் ஹெட்ஸ்டாக் சென்டர் ஜாபோடு சேர்ந்து சுழலும். சென்டர்களுக்கு இடையே பிடிக்கும் கிரைண்டரில் இரண்டு சென்டர்களும் அசையாமல் நிற்கும், தட்டு மட்டும் சுழன்று 'டாக்' வழியே ஜாபைச் சுழற்றும். ஸ்பிண்டில் பேரிங்கின் குறை ஜாபில் ஏறாமலிருக்க இந்த ஏற்பாடு. அப்புறம் வட்டத்தின் தரம் 60 டிகிரி சென்டர் ஹோலின் தரத்தைப் பொறுத்தது. சூட்டில் போட்டு வந்த ஜாபின் ஹோலில் கரி படிந்திருக்கும், சில நேரம் கோணலாகியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் மாட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்களை எந்த ஷெட்டிலும் பார்க்கலாம்.

ஜாபின் மேல் சீரான இடைவெளியில் வரி விழுவது 'சாட்டர்'. இதற்குக் கணக்கு இருக்கிறது, மில்லில் நூலைப் பார்த்து உருளையைக் கண்டுபிடிப்பதுபோலவே. ஜாபின் விளிம்பு நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு 333 மி.மீ. கல் 1,575 சுற்றில் வினாடிக்கு 26.25 தடவை சுற்றுகிறது. 333-ஐ 26.25-ஆல் வகுத்தால் 12.7 மி.மீ. வரிகளின் இடைவெளி அவ்வளவு இருந்தால் கல் பேலன்ஸ் ஆகவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். 40 மி.மீ. தண்டின் சுற்றில் அப்படி ஏறத்தாழ பத்து வரி விழும். இடைவெளி வேறாக இருந்தால் மோட்டார், பெல்ட், அருகில் அதிரும் பிரஸ் என்று ஒவ்வொன்றின் அதிர்வையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். பேனாவும் தாளும் போதும் இந்த வேலைக்கு. மெஷினைப் பிரித்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

பயிற்சியைக் கைச்சக்கரமுள்ள சாதாரண கிரைண்டரில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. கல் ஜாபைத் தொடும் சத்தமும், தீப்பொறி பெருகி அடங்குவதும் அங்கேதான் காதுக்கும் கண்ணுக்கும் பழகும். சி.என்.சி. மெஷினில் கதவு மூடியிருக்கும், ஒலி உணரி தொடுதலைக் கேட்கும், இரட்டை விரல் கேஜ் ஓடிக்கொண்டிருக்கும் ஜாபையே அளந்து நிறுத்தும். அந்தக் கேஜ் தப்பாகச் சொல்கிறதா என்பது கைமெஷினில் பழகியவருக்கே தெரியும்.

கற்கத் தொடங்கியதும் எல்லோரும் முட்டும் கணக்கு டேப்பர். 200 மி.மீ. நீளத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம் 40.110, டெயில்ஸ்டாக் பக்கம் 40.118. இன்னும் பத்தில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டியிருக்கிறது. விட்டத்தில் 8 மைக்ரான் வித்தியாசம் என்றால் ஆரத்தில் 4. டெயில்ஸ்டாக் முனை கல்லை நோக்கி அவ்வளவு திரும்ப வேண்டும். கோணமாகச் சொன்னால் 4 ஆர்க் செகண்ட், எந்த ஸ்கேலிலும் படிக்க முடியாது. டேபிள் திரும்பும் அச்சிலிருந்து 500 மி.மீ. தள்ளி ஒரு டயலை வையுங்கள், அந்த இடம் 10 மைக்ரான் நகர்ந்தால் சரி. போல்ட்டை இறுக்கும்போது டயல் முள் நகர்கிறதா என்றும் பாருங்கள், பல நேரம் நகரும். பிறகு ஒரு பாஸ் எடுத்து, ஆறவிட்டு, இரு முனையையும் மறுபடி அளந்துவிட்டு மீதி ஸ்டாக்கை எடுக்கலாம்.