சுவரில் விழுந்த சிவப்புப் பொட்டு!

"மணி பதினொண்ணு ஆச்சு. உனக்கென்ன பைத்தியமா?" என்று என் கணவர் கத்துவார். "இதோ, இந்த ஒரு ஒயரைப் பத்த வெச்சுட்டு வந்துடறேங்க!" என்பேன். ஆமாம் சகோதரிகளே, வீட்டிலேயே லேசர் செய்யும் பித்துதான் எனக்கு! சிரிக்காதீர்கள்.

ஆரம்பித்து வைத்தவன் ஒன்பதாவது படிக்கும் என் மகன். பழைய கம்ப்யூட்டரிலிருந்த டி.வி.டி. ரைட்டரைக் காட்டி, "அம்மா, இதுக்குள்ளே லேசர் இருக்கும்மா" என்றான். கழற்றிப் பார்த்தோம். மிளகு அளவில் ஒரு டயோடு. பாட்டரியில் இணைத்ததும் பளிச்சென்று எரிந்தது; மறு நொடி உயிரை விட்டது!

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மின்சாரம் துளி அதிகமானாலும் டயோடு தாங்காது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பட்டாலும் போய்விடும். அன்று நான் கட்டியிருந்ததோ சிந்தெடிக் சேலை! அடுத்த தடவை பருத்திச் சேலை. மின்சாரத்தை அளவோடு விட எல்.எம். 317 என்ற சின்ன ஐ.சி.; குவிக்க ஒரு லென்ஸ். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. சுவரில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி விழுந்தது. ஊதுவத்திப் புகையில் சிவப்பு நூலாக ஒளி தெரிந்தது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்!

இந்தப் பித்து ஒன்றும் புதிதல்ல. 1960 மே 16-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிர வைத்தார். 1964 செப்டம்பரிலேயே 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை, வீட்டில் ஹீலியம்-நியான் லேசர் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் அந்தச் சிவப்பு ஒளி, அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் பட்டுத் திரும்பி, எதிரே நின்ற என் ஐந்து வயது மகளின் நெற்றியில் ஓடியது. இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால்? எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

மறுநாளே கண் டாக்டரிடம் ஓடினேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. ஆனால் எனக்குச் சரியான டோஸ்! "கண்ணிலே இருக்கிற லென்ஸே அந்த ஒளியைக் குவிச்சு விழித்திரையைச் சுட்டுடும்மா. வலியே தெரியாது. போன பார்வை பெரும்பாலும் திரும்பாது" என்றார். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர் என்றால், கால் நொடியில் கண் தானாகவே இமைத்துத் தப்பிக்கும். டி.வி.டி. ரைட்டர் டயோடோ 100 மில்லிவாட்டையும் தாண்டக் கூடியது. இமைக்குமுன் காரியம் முடிந்துவிடும்!

அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டம் இது:

* லேசர் மேஜை அருகே பாத்திரம், கண்ணாடி, வளையல், மோதிரம் கூடாது.

* கூலிங் கிளாஸ் பயன்படாது. அந்த நிற ஒளியைத் தடுப்பதற்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

* ஒளி கண் மட்டத்தில் போகக் கூடாது. அறைக்கதவு தாழிட்டிருக்க வேண்டும்.

* மலிவான பச்சை லேசரைக் குழந்தைக்கு விளையாட வாங்கித் தருவதில்லை. சிலவற்றில் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளியும் சேர்ந்து வரும்.

பித்து மட்டும் தெளியவில்லை! இப்போதும் ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு நானும் பையனும் உட்காருகிறோம். வேலை முடிந்ததும் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். சாவி? என் இடுப்பில்தான்!