வண்டியின் முனகல்

பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் இரவுப் பயணம் எனக்குப் புதிதன்று. என் மொரிஸ் மைனர் வண்டியும் அப்பாதைக்குப் பழகியதே. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற அவ்வினத்துக்கு இலங்கையில் இன்றும் அன்பர் உளர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, அவ்வண்டியின் மத்திய அலை வானொலியில் இரவுதோறும் திருச்சி நிலையத்தைக் கேட்டு வந்தேன்.

ஒருநாள் பாட்டின் ஊடே மெல்லிய முனகல் புகுந்தது. இயந்திரம் விரைந்தால் ஏறும், தணிந்தால் இறங்கும். பாஸ் ஒருவர் டைனமோவில் ஒரு கண்டென்சரைப் பூட்டினார், முனகல் அடங்கியது. மாணவன் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சிவப்பு மையோடு நில்லாது காரணம் வினவும் நான், இங்கு மட்டும் வினவவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து, கடுங்காய்ச்சலுற்ற மாணவன் ஒருவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றேன். மூடுபனி. முன்விளக்குகள் மஞ்சளித்தன, சிவந்தன, அவிந்தன, இயந்திரமும் ஓய்ந்தது. பற்றரி வறண்டுவிட்டது. பையனின் தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். நெடுநேரங் கழித்து வந்த லொறி ஒன்று அவர்களை ஏற்றிச் சென்றது. பையன் பிழைத்தான்.

மறுநாள் டைனமோவைக் கழற்றினோம். உள்ளிருந்த கரித்துண்டுகள் தேய்ந்து, சுழலும் செப்புத் தகடுகளைத் தொடுவதும் விடுவதுமாய்ப் பொறி கக்கியிருந்தன. அப்பொறிகளே வானொலியில் முனகியவை. கண்டென்சர் குறையைத் தீர்க்கவில்லை. குறை சொன்ன வாயைக் கட்டிற்று. சிவப்பு எச்சரிக்கை விளக்கு என்னாயிற்று என்பீர்கள். அதன் குமிழ் எரிந்து எத்தனை மாதமோ! டைனமோ தன்னில் எஞ்சிய காந்தத்தால் தானே மின்னெழுப்புமாதலால், அக்குமிழ் இன்றியும் வண்டி ஓடும்.

ஓசைகளைப் பிரித்தறிதல் அரிதன்று. வண்டியை நிறுத்தி, கியரின்றி இயந்திரத்தை விரைவாக்கிச் சாவியை மூடுக. வானொலி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘டிக் டிக்’ என்பது அக்கணமே நின்றால், அது எரிபற்றும் பொறியின் ஓசை. சுழற்சியோடு தாழ்ந்து தேயும் முனகல் டைனமோவினுடையது. குழியில் விழும்போது மட்டும் வெடிப்பது தளர்ந்த கம்பி.

முனகல் டைனமோவினுடையதாயின், அதன் இரு கம்பிகளையும் கழற்றி, இரு முனைகளையும் இணைத்து, வோல்ட் மானியை அவற்றுக்கும் வண்டியுடலுக்கும் இடையே பூட்டுக. மைனரில் வண்டியுடலே நேர்முனை என்பதை மறவற்க. இயந்திரத்தை மெல்ல விரைவாக்க, முள் சீராக ஏறினால் டைனமோ நலம்; குறை வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியிலோ கம்பிகளிலோ உண்டு. 20 வோல்ட்டுக்கு மேல் ஏற விடலாகாது. இவையெல்லாம் பார்த்த பின்னரே கண்டென்சர். அதுவும் டைனமோவின் பெரிய முனையில் மட்டுமே. சிறிய முனையில் பூட்டினால் பெட்டியிலுள்ள தொடுமுனைகள் கருகும்.

புதுக் கரித்துண்டுகள் இட்டேன். குமிழும் மாற்றினேன். கண்டென்சரை மட்டும் திரும்பப் பூட்டவில்லை. வானொலி சற்றே இரைகிறது; இரையட்டும்.